மேல்வீட்டில் யாரோ நடக்கிறார்கள்

என் காதைப் பற்றி யாரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். காது பரிசோதனைதான் என் பிழைப்பு. சத்தம் புகாத சின்ன அறைக்குள் ஆளை உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டிவிட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பொத்தானை அழுத்துவேன். சத்தம் கேட்டால் அவர்கள் கையைத் தூக்க வேண்டும். என் விரல் அசைவதைப் பார்த்துவிட்டால் கேட்காமலே தூக்கிவிடுவார்கள் என்பதால் முதுகைக் காட்டித்தான் உட்காரவைப்போம். எந்தச் சத்தம் நிஜம், எது பிரமை என்று நாள் முழுக்கப் பிரித்துப் பிரித்துப் பார்க்கிறவள் நான். அதனால், அன்று மத்தியானம் எங்கள் வீட்டுப் பின்னறையில் ஒரு குழந்தை நடந்தபோது, குழாய், பூனை, பக்கத்து வீட்டு டிவி என்று சொல்லி என்னை நானே ஏமாற்றிக்கொள்ள முடியவில்லை.

வெறுங்கால். குதிகால் முதலில் படாமல் பாதம் மொத்தமாகத் தரையில் விழுகிற நடை. கொஞ்சம் ஓடியது. நின்றது. திரும்பி மறுபடி ஓடியது. சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த நான் குழாயை மூடிவிட்டுக் காதைக் கொடுத்தேன்.

எங்கள் வீட்டில் குழந்தை இருக்கிறது, வாஸ்தவம். ஆனால் அதற்கு நடக்க வராது.

கடுகு என்று அவள் அப்பா வைத்த செல்லப்பெயர். சிறுத்தாலும் காரம் போகாதாம், காரம் என் வழியாக வந்ததாம். இரண்டு வயதை எட்டிப் பிடிக்கப் போகிறாள், இன்னும் உட்கார்ந்தபடியே தரையைத் தேய்த்துக்கொண்டு போவாள். அந்த வேகத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும், பெற்றவளுக்கு வராது. கையைப் பிடித்து நிறுத்தினால் என் முகத்தைப் பார்ப்பாள். பார்த்த மறுகணம் முழங்காலை மடித்து உட்கார்ந்துவிடுவாள். டாக்டர் காலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு எலும்பு நன்றாக இருக்கிறது, நரம்பு நன்றாக இருக்கிறது, காத்திருங்கள் என்றார். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். எங்கள் அம்மி நகர்ந்தது, எழுந்திருக்கத்தான் இல்லை.

ஆகவே ஈரக் கையோடு பின்னறைக்குப் போனேன். எனக்குக் குதிகால் வலி உண்டு. வீட்டுக்குள்ளும் கனமான ரப்பர் செருப்பு போட்டுத்தான் நடப்பேன், டப் டப் என்று ஊருக்கே கேட்கும். நான் வாசற்படியை அடைந்தபோது கடுகு கட்டில் ஓரத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து, தலையணை உறையின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அறையில் வேறு யாரும் இல்லை. நாற்காலியின் மேல், அவளுக்கு எட்டாது என்று நான் வைத்திருந்த சீப்பு கட்டிலுக்கடியில் கிடந்தது.

"யாருடி இங்க ஓடினது?" என்று கேட்டேன்.

அவள் உதட்டில் விரலை வைத்தாள். பேச்சும் அவளுக்கு இன்னும் வரவில்லை.

இந்தக் கூத்தெல்லாம் காப்பகம் மாற்றிய பிறகு வந்தது. அதுவரை கடுகை ஒரு அக்காவிடம் விட்டுக்கொண்டிருந்தேன். ஒரே வீட்டில் நாலைந்து தொட்டில் கட்டி எங்களைப் போல வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார். தொட்டிலக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். ஒருநாள் அவருக்கு முட்டி மொத்தமாகப் போய்விட்டது. பிள்ளைகளைத் தூக்க முடியவில்லை, இனிமேல் முடியாது என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். கடைசி நாளில் கடுகைக் கட்டிப்பிடித்து அவர் அழுததைப் பார்த்து எனக்கு எரிச்சல்தான் வந்தது. அழுதால் எனக்கு இன்னொரு காப்பகம் கிடைத்துவிடுமா?

கிடைத்தது. பெரிய காப்பகம், நான் வேலை பார்க்கும் கிளினிக்குக்குப் போகிற பஸ் வழியிலேயே. அங்கே பொறுப்பிலிருந்த மேடம் கடுகைப் பார்த்தார், அவள் தரையைத் தேய்த்துக்கொண்டு போனதைப் பார்த்தார், பேனாவை மூடிவைத்தார்.

"நடக்கிற பிள்ளைங்களைத்தான் நாங்க எடுக்கிறோம்மா. கைக்குழந்தைக்கு இங்க ஆளும் இல்ல, அறையும் இல்ல."

"நடந்துடுவா மேடம். இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கா."

"சரி, பழகுற காலம்னு ஒண்ணு இருக்கு. இந்த மாசக் கடைசி வரைக்கும் காலையில நீங்களும் கூடவே வந்து உட்காருங்க. புது இடம், புது ஆளு, அம்மா பக்கத்துல இருந்தா பயம் தெளியும். அதுக்குள்ள நடந்துட்டா சேத்துக்கிறோம். இல்லன்னா எடம் காத்துக்கிட்டிருக்கிற அடுத்த பிள்ளைக்குப் போயிடும். என்னைத் தப்பா நினைக்காதீங்க."

தப்பாகத்தான் நினைத்தேன். ஆனால் அவருடைய சட்டம் அவருக்கு. கிளினிக்கில் மன்றாடி அந்த மாதம் முழுக்க விடுப்பு வாங்கினேன். மாதம் முடிந்ததும் வேலைக்கு வந்தாக வேண்டும், இல்லையென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்கள். ஆக, கடுகு நடந்தால் காப்பகமும் உண்டு, வேலையும் உண்டு. நடக்காவிட்டால் இரண்டும் போச்சு. அவள் அப்பா லிப்ட் பொருத்துகிற மெக்கானிக். வேறு ஊரில் ஒரு பெரிய கட்டடத்தில் மாட்டிக்கொண்டிருந்தார், ஞாயிற்றுக்கிழமை வந்தால் உண்டு. ஆக எல்லாம் என் தலையில்.

காலை முழுக்க அந்தக் காப்பகத்து மூலையில் ஒரு குட்டி நாற்காலியில் முழங்கால் முகவாயை இடிக்க உட்கார்ந்திருப்பேன். பிள்ளைகள் பந்தைத் துரத்தும், வரிசையாகப் போய்க் கை கழுவும். என் மகள் நடுவில் உட்கார்ந்திருப்பாள். பிள்ளைகள் அவளைத் தாண்டித் தாண்டி ஓடும். ஒருமுறை ஒரு பொடியன் அவள் கையை மிதித்துவிட்டான். அவள் அழவில்லை, திரும்பி என்னைப் பார்த்தாள். எனக்குத்தான் அழுகை வந்தது. எழுந்திருடி, ஒரே ஒருதரம் எழுந்திருடி என்று கண்ணாலேயே கெஞ்சினேன். கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன், எந்த நிமிஷத்தில் எழுந்தாலும் தவறவிடக்கூடாது என்று.

மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் அந்த நடை தொடங்கும்.

தினமும் என்று சொல்ல முடியாது. நான் துணி துவைக்கும்போது, குளிக்கும்போது, குழாய் ஓடும்போது. போய்ப் பார்த்தால் கடுகு உட்கார்ந்திருப்பாள். விட்ட இடத்தில் இல்லாமல் வேறு இடத்தில் இருப்பாள், ஆனால் அவள்தான் தேய்த்துக்கொண்டு எங்கும் போகிறவளாயிற்றே. அவளேதான் நடக்கிறாளோ என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. ஒருமுறை கதவிடுக்கில்கூட ஒளிந்து பார்த்தேன். டப் டப் என்று போய் ஒளிந்தால் என்ன தெரியும்? உட்கார்ந்துதான் இருந்தாள். நடக்கத் தெரிந்த பிள்ளை நடையை ஒளித்துவைக்குமா? ஓரடி வைத்தாலே ஊரைக் கூட்டிக் கைதட்டச் சொல்கிற வயசு அது.

பிறகு கீழ்வீட்டு டெய்லர் படியில் என்னை நிறுத்தினார். நல்ல மனுஷன், குரலை உயர்த்தாதவர்.

"தப்பா எடுத்துக்காதம்மா. பாப்பா ஓடட்டும், நல்லதுதான். ஆனா மத்தியானத்துல நான் துணி வெட்டுறப்ப கொஞ்சம் பாத்துக்க. மேல ஒரே தடதடன்னு இருக்கு, கத்தரி கோணிக்குது."

"அண்ணே, எங்க பாப்பாவுக்கு நடக்கவே வராதுண்ணே."

அவர் சிரிக்கப்போனார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். "அப்ப நான் என்னத்தையோ கேட்டிருக்கேன் போல," என்று சொல்லி உள்ளே போய்விட்டார். அன்றிலிருந்து என்னைப் பார்த்தால் அளவு நாடாவை எடுத்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டு தலையைக் குனிந்துகொள்வார்.

எனக்கு மட்டும் கேட்கிறது என்றால் என் மூளை சரியில்லை என்று விட்டிருப்பேன். இன்னொரு காதும் கேட்டுவிட்டது. அன்று சாயந்தரம் அவருக்கு, அதாவது கடுகின் அப்பாவுக்கு, போன் போட்டுச் சொன்னேன்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்," என்றார்.

"நான் கண்ணால பாக்கலைங்க, காதால கேட்டேன்."

"உங்கிட்ட வருவாங்களே, சத்தமே வராதப்ப கை தூக்குறவங்க, அந்தக் கேஸ் ஆயிட்டியா நீயும்?"

"டெய்லரும் கை தூக்குறாரே, அதுக்கு என்ன சொல்றீங்க?"

எப்போதும் அடுத்த கேலியைக் கையில் வைத்திருக்கிற மனிதர். கட்டடத்தில் யாரோ இரும்பைத் தட்டுகிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. பிறகு மெதுவாகக் கேட்டார்.

"நல்லா ஓடுதா?"

அந்த ஒரு கேள்வியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவரும் வயசுக் கணக்கு போட்டு வைத்திருக்கிறார்.

கடுகுக்கு முன்னால் எங்களுக்கு ஒருத்தி பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரவே இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் சில நாள் இருந்தாள், அதன் பிறகு பெட்டி காலியாக இருந்தது. அவளைப் பற்றி நானும் அவரும் பேசுவதில்லை. பேசினால் யாராவது ஒருவர் உடைவோம், இன்னொருவர் தாங்கவேண்டும், அந்தத் தெம்பு இரண்டு பேருக்கும் இல்லை. ஆனால் இருந்திருந்தால் இன்றைக்கு எந்த வகுப்பு, எந்த அளவு சட்டை என்று எனக்கு எப்போதும் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"ம். நல்லா ஓடுது," என்றேன்.

"சரி. பாத்துக்க," என்று வைத்துவிட்டார். அந்த வாரமும் அதற்கடுத்த வாரமும் ஞாயிற்றுக்கிழமை அவரால் வர முடியவில்லை, வேலை நெருக்கடி. ஆனால் மத்தியானம் தவறாமல் போன் வரும். கடுகு எப்படி இருக்கிறாள் என்று கேட்பார், சாப்பிட்டாயா என்று கேட்பார், கடைசியில் எதுவோ ஞாபகம் வந்த பாவனையில், "இன்னைக்குக் கேட்டுச்சா?" என்பார். கேட்டது என்று சொன்னால் அவர் குரல் லேசாகும்.

எனக்கும் பயம் போய்விட்டது என்றுதான் சொல்லவேண்டும். மத்தியானம் குழாயைத் திறந்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க ஆரம்பித்தேன். பின்னறைக்குள் பாதம் விழும். சமையலறையில் நின்றபடி, வந்தியா, என்று வாய்க்குள் சொல்வேன். மூத்தவள் ஒருநாளும் மிதிக்காத தரை அது. இப்போது மிதிக்கிறாள். போய்ப் பார்ப்பதைக்கூட நிறுத்திவிட்டேன், பார்த்தால் நின்றுவிடும் என்று.

அப்புறம் மாதக் கடைசி நெருங்கியது. "திங்கட்கிழமை முடிவு சொல்லிடுறேன்மா," என்றார் மேடம். கடுகு அந்தக் காலையும் எழுந்திருக்கவில்லை. பஸ்ஸில் வரும்போது ஒரு நினைப்பு எனக்குள் புகுந்துகொண்டது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் புகுந்தது. வீட்டில் ஒரு நடை கேட்கத் தொடங்கியிருக்கிறது, ஒருத்திக்கு நடை வராமலே இருக்கிறது. மூத்தவள் தனக்குக் கிடைக்காத நடையைத் தங்கையிடமிருந்து பிடுங்கி நடக்கிறாளோ? படித்தவள்தான் நான், மெஷினை நம்புகிறவள்தான். வேலையும் இடமும் பிள்ளையின் காலும் ஒன்றாகப் போகப்போகிற நேரத்தில் படிப்பாவது மெஷினாவது.

அன்று மத்தியானம் குழாயைத் திறந்தேன், நடை தொடங்கியது. முன்பைவிட வேகமாக, சந்தோஷமாக. சுவரைத் தட்டித் திரும்பி ஓடியது. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நின்ற இடத்திலிருந்தே கத்தினேன்.

"போதும்டி. நிறுத்து. அவ நடக்க வேண்டியதையும் சேத்து நீயே நடந்துட்டா அவ என்ன செய்வா? இனிமே இந்த வீட்டுல நடந்த சத்தம் கேட்டுச்சு, காலை ஒடிச்சுப்புடுவேன்."

நடை பட்டென்று நின்றது. தொப்பென்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தேன். கடுகு கதவுக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள், கீழுதடு துடித்தது. அள்ளித் தூக்கி, "உன்னை இல்லடா கண்ணு, உன்னை இல்ல," என்றேன். அவள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள்.

அதற்குப் பிறகு வீட்டில் நடை இல்லை. வெள்ளிக்கிழமை இல்லை, சனிக்கிழமை காலையும் இல்லை. குழாயைத் திறந்துவிட்டுக் காத்திருந்தேன். தண்ணீர்தான் வீணாகப் போயிற்று. கடுகிடமும் ஏதோ மாறியிருந்தது. உட்காரவைத்த இடத்தில் அப்படியே இருந்தாள். தேய்த்துக்கொண்டு போவதைக்கூட நிறுத்திவிட்டாள். பந்தை உருட்டினால் அது எங்கே போகிறது என்று பார்த்தாள், அவ்வளவுதான்.

பயந்துபோய்ச் சனிக்கிழமை சாயந்தரம் அவளைத் தூக்கிக்கொண்டு தொட்டிலக்கா வீட்டுக்குப் போனேன். வேறு யாரைக் கேட்பது? தொட்டில் கட்டிய கொக்கிகள் வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தன. அக்கா முட்டியில் பட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கடுகைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டி வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"அக்கா, இவ இன்னும் நடக்கல. திங்கட்கிழமைக்குள்ள நடக்கலன்னா அங்க எடம் போயிடும். என் வேலையும் போயிடும். ஏதாவது வழி இருந்தா சொல்லுங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"நடக்கலயா? யாரு, இவளா? என்னம்மா சொல்ற? இவ போன மழைக்காலத்துலயே நடந்துட்டாளே. இங்கதான், இந்தக் கொக்கிக்கும் அந்தக் கதவுக்கும் நடுவுல. கடைசியில ஓட்டமும் பிடிச்சா. பிடிக்கப் போய்த்தானே என் முட்டி இந்தக் கதியாச்சு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நாங்க சொல்ல மாட்டோம்மா. இந்த வேலையில இருக்கிற யாரும் சொல்ல மாட்டாங்க. நாள் பூரா பிள்ளையை விட்டுட்டுப் போறீங்க. முதல் அடியையாவது பெத்தவ கண்ணால பாக்க வேணாமா? அதை நான் பாத்துட்டேன்னு சொன்னா உங்க வயிறு எரியும். அதனால வாசல்ல உங்க செருப்புச் சத்தம் கேட்டதும் பிள்ளைய உட்கார வச்சிடுவோம். வீட்டுக்குப் போய் அது அம்மா முன்னால எழுந்து நிக்கும், அவளும் அதுதான் முதல் தடவைன்னு குதிப்பா. மறுநாள் வந்து சொல்லுவா, நாங்களும் அப்படியான்னு கேட்டுக்குவோம். ஒரு வாரத்துல முடிஞ்சிடும் இது."

"இவ விஷயத்துல ஏன் முடியல?"

"நானும் தினம் கேட்டேனே, வீட்டுல ஏதாச்சும் நடந்துச்சான்னு. ஒருநாள் நீ என்ன சொன்ன? என் பிள்ளை நடக்கிறப்ப நடப்பா, நீங்க இனிமே அதைப் பத்திக் கேக்காதீங்கன்னு மூஞ்சியில அடிச்ச மாதிரி சொன்ன. அப்புறம் நான் எங்க கேக்குறது? நீ பாத்துட்டுச் சொல்லலயோ, பாக்கலயோன்னு தெரியாம தினமும் உட்கார வச்சேன். செருப்புச் சத்தம் வந்தா, உஷ், அம்மா வர்றாங்கன்னு உதட்டுல விரலை வப்பேன். கடைசியில நான் சொல்லவே வேணாம், அதுவே டப்புன்னு உட்காந்துக்கும். சமத்துப் பிள்ளைன்னு நினைச்சேன்." அவர் கண்ணைத் துடைத்தார். "உனக்காகத்தான்மா வச்சிருந்தேன். சத்தியமா உனக்காகத்தான்."

அவரை வைய வேண்டும் என்று வாய்வரைக்கும் வந்தது. அப்போதுதான் என் சொந்த வாய் என் காதில் கேட்டது. நடந்த சத்தம் கேட்டுச்சு, காலை ஒடிச்சுப்புடுவேன். அதைக் கேட்டது யார்? அந்த அறையில் கேட்க இருந்தது ஒரே ஒருத்திதானே. தரையில் உட்கார்ந்து கடுகின் பாதங்களைக் கையில் எடுத்துப் பார்த்தேன். உள்ளங்கால் நன்றாகக் காய்த்திருந்தது. தினமும் குளிப்பாட்டியவள் நான், ஒருநாளும் இதைக் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க முயன்று பார்த்தேன். செருப்பைக் கழற்றிப் பரணில் போட்டேன். குழாயைத் திறந்துவிட்டு வேறு அறையில் ஒளிந்தேன். சுவரைப் பார்த்து நின்று, "வாடி தங்கம், அம்மா பாக்கலை, நட," என்று கெஞ்சினேன். பின்னால் ஒரு சத்தமும் இல்லை. திரும்பினால் விட்ட இடத்தில் உட்கார்ந்து என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குக் கடுகின் அப்பாவின் போனை நான் எடுக்கவில்லை. என்ன சொல்வது என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை காப்பக வாசலில் மேடம் எங்களுக்காக நின்றிருந்தார். முகத்தைப் பார்த்தாலே சேதி தெரிந்தது.

"மேடம், இன்னைக்கு நான் உள்ள வரல," என்றேன். "இவளை இந்தக் கேட்டுக்கிட்ட நிறுத்திட்டு நான் ரோட்டைப் பாத்து நிக்கிறேன். நீங்களும் இவளைப் பாக்காத மாதிரி இருங்க."

"பழகுற காலத்துல அம்மா கூடவே இருக்கணும்னு சொன்னேனேம்மா."

"கூடவே இருந்ததுதான் மேடம் தப்பாப்போச்சு. இன்னைக்கு ஒருநாள் நான் சொல்றபடி விடுங்க. அப்புறம் நீங்க என்ன முடிவு சொன்னாலும் கேட்டுக்கிறேன்."

செருப்பைக் கழற்றினேன். சிமென்ட் தரை சுட்டது. கடுகை நிறுத்தினேன், உடனே உட்கார்ந்தாள். அவள் முன்னால் மண்டியிட்டேன். "அன்னைக்கு அம்மா திட்டினது உன்னை இல்ல. வேற யாரையோன்னு நினைச்சுத் திட்டிட்டேன். அம்மாதான் முட்டாள். நீ நடக்கலாம். எங்க வேணும்னாலும் நடக்கலாம். நீ ஆசைப்பட்டாக் காட்டு, இல்லன்னா அம்மா எப்பவுமே பாக்க மாட்டேன்." அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ. கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டு எழுந்து, தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றேன்.

பஸ் ஹாரன், எதிர்க்கடை ஷட்டர், உள்ளே பிள்ளைகளின் கூச்சல். ஒவ்வொன்றாகக் காதிலிருந்து ஒதுக்கினேன். மேடத்தின் புடவை சரசரத்தது, அதையும் ஒதுக்கினேன். மிச்சமிருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. உள்ளே யாரோ ஒரு பிள்ளை பந்தைத் தரையில் அடித்தது.

பிறகு துணி உரசியது. உள்ளங்கை தரையில் ஊன்றி எடுபட்டது. ஒரு பாதம் விழுந்தது.

எனக்கு அந்த நடையைத் தெரியும். எத்தனை மத்தியானம் கேட்டிருக்கிறேன். குதிகால் படாமல் மொத்தமாக விழுகிற பாதம், திரும்பும்போது ஒரு சின்னத் தேய்ப்பு. அது என்னை நோக்கி வரும், வந்து பின்னாலிருந்து என் காலைக் கட்டிக்கொள்ளும் என்றுதான் மனசுக்குள் நினைத்திருந்தேன். அது என்னை விட்டுத் தூரமாகப் போயிற்று. முதலில் மெதுவாக, பிறகு ஓட்டமாக, பந்துச் சத்தத்தை நோக்கி.

"அம்மா, திரும்பிப் பாருங்க," என்று மேடம் கிசுகிசுத்தார். "ஓடுறாம்மா. பாருங்கம்மா."

"வேணாம் மேடம். பாத்தா உட்கார்ந்துடுவா."

திரும்பவில்லை. ஆனால் காது சும்மா இருக்கவில்லை. அந்தச் சத்தத்துக்குப் பின்னால் இன்னொரு சத்தம் போகிறதா என்று தேடியது. கொஞ்சம் பெரிய பாதம், கொஞ்சம் எட்டிப் போடுகிற நடை. இல்லை. என் பக்கத்தில், ரோட்டோரத்தில், எங்காவது நிற்கிறதா என்று தேடியது. அங்கேயும் இல்லை. ஒரே ஒரு ஜோடிக் கால்தான், அது உள்ளே போய்விட்டது.

"சேத்தாச்சும்மா, நீங்க நிம்மதியா வேலைக்குப் போங்க," என்றார் மேடம். தலையாட்டிவிட்டுச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தம் வரைக்கும் வெறுங்காலோடு நடந்தேன். நிறுத்தத்தில் நிற்கும்போது போன் அடித்தது. அவர்தான்.

"என்னடி, நேத்துப் போனே எடுக்கல. என்ன ஆச்சு? எடம் உண்டா இல்லையா?"

"உண்டுங்க. கடுகு நடந்துட்டா. ஓடவே ஓடிட்டா."

அவர் சிரித்த சிரிப்பு காதை அடைத்தது. போனைத் தள்ளிப் பிடித்து, பக்கத்தில் யாரிடமோ, "என் பொண்ணு நடந்துட்டாடா," என்று சொன்னார். இரும்பைத் தட்டுகிற சத்தம் நின்றது, நாலைந்து பேர் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அழுதேன். பிறகு அவர் மற்றவர்களை விட்டுத் தள்ளிப் போகிறார் என்று தெரிந்தது, குரலுக்குப் பின்னால் காற்று வந்தது.

"அப்ப அது?" என்றார். "வீட்டுல மத்தியானம் கேக்குமே."

பொய் சொல்லியிருக்கலாம். ஒரு வாரம், ஒரு மாதம், அவர் ஊருக்கு வரும்வரை அவருக்கு அதை விட்டுவைத்திருக்கலாம். எனக்காக என்று தொட்டிலக்கா ஒளித்துவைத்ததன் பலனை அப்போதுதான் அனுபவித்து முடித்திருந்தேன்.

"இவதாங்க அது. எல்லாமே இவதான். எனக்குத் தெரியாம நடந்திருக்கா."

அவருக்குப் பின்னால் தூரத்தில் இரும்பைத் தட்டுகிற சத்தம் மறுபடி தொடங்கியது.

"நல்லா ஓடுதுன்னு சொன்னியே," என்றார் கடைசியில். "நான் இங்க தினமும் நெனச்சுப் பாத்துக்கிட்டு இருந்தேன், எப்படி ஓடும்னு."

"நானும்தாங்க," என்றேன்.

என் பஸ் வந்தது, ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.